விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு எஸ்பிரஸோ இயந்திரங்கள் (சூடான தண்ணீரை அழுத்தத்தோடு பொடிக்குள் செலுத்திக் காபி இறக்குபவை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காபி புளித்தால் பொடியை இன்னும் நைசாக அரையுங்கள், கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சரிதான். ஆனால் தண்ணீரின் சூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 27 வருடம் டிரையர், அதாவது தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம், பார்த்தவன். டிரையரில் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பார்க்க வேண்டும், வெளியே வரும் காற்றின் சூட்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி ஓட்டினால் தூள் கருகும், இல்லாவிட்டால் ஈரம் தங்கும். மகள் வாங்கித் தந்த எஸ்பிரஸோ இயந்திரத்தில் இருப்பதோ ஒரே ஒரு விளக்கு. பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகிவிட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். அந்தத் தண்ணீர் பொடியைத் தொடும்போது என்ன சூட்டில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இது புரியாமல் மூன்று மாதம் புளித்த காபி குடித்தோம். பழுது பார்க்க வந்த தம்பி அரைக்கும் மெஷினை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஏற்காட்டிலிருந்து நல்ல பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் காபிக் கொட்டை) வரவழைத்தேன். புளிப்பு போகவில்லை. கடைசியில் ஒரு ஃபோம் கப்பில் சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தவுடன் வந்த தண்ணீர் 80 டிகிரியைக்கூடத் தொடவில்லை. எஸ்பிரஸோவுக்கு ஏறக்குறைய 90 முதல் 96 டிகிரி வேண்டும். மார்கழிக் காலையில் இங்கே வீட்டுக்குள்ளேயே விரல் விறைக்கும். தண்ணீர் வரும் வழியில் இருக்கும் பித்தளைத் தலையும், பொடி போடும் கைப்பிடி வடிகட்டியும் ஐஸ் மாதிரி கிடக்கும். சூட்டையெல்லாம் அவை இழுத்துக்கொள்கின்றன.

இப்போது கைப்பிடியை மாட்டியபடியே இயந்திரத்தை அரைமணி நேரம் முன்னதாகப் போட்டுவிடுகிறேன். அதே தண்ணீர் 91 காட்டுகிறது. புளிப்பு போய்விட்டது. எங்கள் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் ஐந்து நிமிடம் போதும் என்று அச்சடித்திருக்கிறார்கள்!

இன்னொன்றும் இருக்கிறது. விலை குறைந்த இயந்திரங்களில் சூடு ஒரே அளவில் நிற்காது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்தபிறகும் சூடு கொஞ்சம் ஏறும், அப்புறம் மெதுவாக இறங்கும், வெகுவாக இறங்கிய பிறகுதான் ஹீட்டர் மறுபடி பிடிக்கும். இடையில் பத்து டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். அதனால் இந்த ஏற்ற இறக்கத்தில் தினமும் ஒரே இடத்தில் பிடித்துக் காபி இறக்க வேண்டும். நான் அந்த விளக்கு அணையும்வரை, அதாவது ஹீட்டர் மறுபடி பிடிக்கும்வரை, வெறும் தண்ணீரை விடுவேன். விளக்கு மறுபடி எரிந்ததும் நாற்பது எண்ணிவிட்டுக் காபி இறக்குவேன். என் இயந்திரத்துக்கு நாற்பது. உங்களுடையதற்கு எத்தனை என்று தெர்மாமீட்டரை வைத்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சூட்டைத் தானே ஒரே அளவில் பிடித்துவைக்கும் விலை உயர்ந்த இயந்திரம் என்றால் இந்த எண்ணிக்கை வேண்டாம். ஆனால் அதிலும் தலை சூடேறக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பால் நுரைக்க ஆவி போட்டபிறகு நேர் எதிரான தொல்லை. பாய்லர் 130, 140 டிகிரிக்குப் போயிருக்கும். அப்படியே அடுத்த காபியை இறக்கினால் கருகின கசப்பு வரும். அதனால் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை காபியையும் முதலில் இறக்கிவிட்டு, பாலைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. விருந்தாளி தாமதமாக வந்துவிட்டால், தலையிலிருந்து வெறும் தண்ணீரை விடுங்கள். முதலில் உஸ்ஸென்று சீறிக்கொண்டு ஆவியாக வரும், பிறகு சீற்றம் அடங்கித் தண்ணீராக விழும்.

அந்தச் சீற்றத்தைக் காதால் கேட்டே சூட்டைச் சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே சீற்றம் நின்றால் தண்ணீர் 94-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காபிக்கு வேண்டியதும் அதுதான். ஊட்டியில் 92, 93-ல் நிற்கும். கறுக்க வறுத்த கொட்டைக்கு அது போதும், இளவறுவலுக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் 100 டிகிரியிலேயே சீற்றம் நின்றுவிடும். அதனால் அங்கே இருப்பவர்கள் அதற்குப் பிறகும் சில விநாடி தண்ணீரை விட்டுவிட்டுத்தான் காபி இறக்க வேண்டும்.

அடுத்த முறை காபி பற்றி எழுதும்போது அந்த அரைமணி நேரத்தையாவது சேர்த்து எழுதுங்கள். புளிக்கிறதே என்று யாரும் நல்ல கொட்டையைக் கீழே கொட்ட வேண்டாம்.

– ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், குன்னூர்