கட்டினவனுக்கு என்ன இருக்கிறது?

கொட்டகலை
ஞாயிறு

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழை விட்டால் போய்விடும் என்கிறார்கள், மழைதான் விட்டபாடில்லை. கணக்கு சேர் போன மாதம் வந்திருந்தார், உன்னைக் கேட்டார், பஸ் டிக்கெட் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். உனக்குப் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் குரல் பதிவை ஹட்டனில் பஸ் ஏறும்போது போட்டேன். கொட்டகலையில் இறங்கும்வரை நீ நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த ஆச்சி, "தம்பி, அந்தாளுக்கு யாராச்சும் தண்ணி குடுங்க" என்றது. அங்கே அமெரிக்காவில் உன் மூத்தவன் இரண்டு வேலை பார்த்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, படிப்புக் கடனை ஒரு சதம் மிச்சமில்லாமல் கட்டி முடிக்கிறான். அடுத்த வருஷமே, 2022 ஆகஸ்டில், பைடன் வந்து 10,000 டொலர் தள்ளுபடி என்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கான பெல் உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 20,000. சின்னவள் துள்ளிக் குதிக்கிறாள், அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்துகிறான். 2023 ஜூனில் உங்கள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் தூக்கி எறிந்ததும் அவள் அழுகிறாள், இவன் பேசத் தொடங்குகிறான், அதுவும் சிரித்துக்கொண்டே. இத்தனை காலத்துக்குப் பிறகும் தைப்பொங்கலுக்கு ஒரே மேசையில் உட்காரமாட்டேன் என்கிறார்கள். "நீதான் வாத்தியாராச்சே, யார் பக்கம் நியாயம்னு சொல்லு" என்கிறாய்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று இருக்கிறது, அதுவும் கடன்தான். என் மருமகளுக்கு, தங்கச்சியின் மூத்தவளுக்கு, படிப்புக் கடன் கிடைத்துவிட்டது. ஏ.எல். பரீட்சை நல்லபடி பாஸ், ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற இசட் ஸ்கோர் கொஞ்சத்தில் போய்விட்டது. அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லாத பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் இருக்கிறதே, அதில் கிடைத்தது. வட்டியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், வாங்கிய அசலைப் பிள்ளை படித்து முடித்துக் கட்ட வேண்டும். கொழும்பில் தனியார் நிறுவனம், கம்ப்யூட்டர் படிப்பு.

தங்கச்சிக்குக் கடன் என்றாலே வயிற்றைக் கலக்கும். கலக்காமல் என்ன செய்யும்? கப்பல் செலவே கடனாக எழுதப்பட்டு இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இறங்கிய பரம்பரை. 1921 வரைக்கும், இந்த ஆளின் கடனை அடைத்தால் விடுகிறோம் என்று தோட்டத்துத் துரை துண்டு எழுதிக் கொடுத்தால்தான் நம் ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். அவள் வங்கிக்குச் சம்பளச் சிட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள், நாலாக மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது. மேசையில் விரித்தாள். வேலைக்குப் பேர் போட்ட நாட்கள் இத்தனை, அதற்குச் சம்பளம் இவ்வளவு. அதற்குக் கீழே வரிசையாகக் கழிவு: சேமலாப நிதி, சங்கத்துச் சந்தா, கோயில், டோபி, தேயிலைத் தூள், தீபாவளி அட்வான்ஸ். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு அந்த அதிகாரிக்கு விளக்கினாள். அவர் நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "காணி உறுதி ஏதும் இருக்கா?" என்றார். தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏது உறுதி? ஏழு பேர்ச் காணி வரும், உறுதி வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வேறு பிணை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் வீட்டுக் கதையை அவளுக்குச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, உன் ரகசியம் எல்லாம் ஏற்கனவே அந்த ஆச்சிக்குத் தெரியும். கேட்டுவிட்டு அவள் உன் மூத்தவன் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள். "அப்ப கட்டினவனுக்கு என்னண்ணே இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். "கம்பஸே போகாதவனுக்கு?" அவனுக்கும் இல்லை, அவன் வரிதான் போகும் என்றேன். "அது என்னா நியாயம்?" என்றாள்.

பார், நியூஜெர்சியில் எழுதிப் படித்த உன் பையன் சொல்கிற வாதத்தை, எட்டாம் வகுப்போடு நின்றவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். லேசான வாதம் இல்லை மச்சான். நாலு கோடிப் பேருக்கு மேல், ஏறக்குறைய 40,000 கோடி டொலர் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். அதில் ஒரு பங்கு, படிப்பு வேண்டாம் என்று லொறி ஓட்டப் போனவன் தலையிலும் விழும். வருஷம் 125,000 டொலருக்குக் கீழே உழைக்கிறவனுக்கெல்லாம் உண்டு என்றால், நாளைக்கு நன்றாகச் சம்பாதிக்கப் போகிற சின்ன வக்கீலுக்கும் உண்டு. தங்கச்சி ஒரு பக்கெட் பால்மாவுக்கு வரி கட்டி அந்த வக்கீலைத் தூக்கிவிட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் எனக்கு அதற்கு மேல் போக முடியவில்லை. ஏன் என்று யோசித்தேன். நீயும் நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சதம் கட்டாமல் படித்தவர்கள். மஹாபொல உதவித்தொகை வேறு வாங்கிக் கண்டி டவுனில் படம் பார்த்தோம். நமக்குக் கிடைத்தது தள்ளுபடி இல்லாமல் வேறென்ன? கடன் என்று எழுதுவதற்கு முன்னமே தள்ளிவிட்டார்கள், அதனால் யாருக்கும் கண்ணில் படவில்லை. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? 1945இல் கல்வி மந்திரி கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தபோது நாட்டுக்கு வெளிநாட்டுக் காசைக் கொண்டுவந்து கொட்டியது தேயிலை. அதைப் பறித்தது உன் அப்பாயியும் என் அப்பாயியும். அவர்களுக்கு 1948இல் குடியுரிமையே இல்லாமல் போனது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்ததே எழுபதுகளில்தான். ஒரு தலைமுறைக்கு மேல் நம் ஆட்கள் உழைத்தார்கள், படித்தது வேறு ஊர்ப் பிள்ளைகள். அப்போது "கட்டினவனுக்கு என்ன இருக்கிறது" என்று கேட்க ஒரு நாதியில்லை. நம் வீட்டுக் கணக்கை எடு. நான் படிக்கத் தங்கச்சி கொழுந்து பறிக்க மலை ஏறினாள், உனக்குத் தெரிந்ததுதான். உன் விமான டிக்கெட்டுக்கு அப்பாவின் சேமலாப நிதி மொத்தமும் போனது. (நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பொண்ட் பத்திரத்தின் கதையை நான் இன்றுவரை வெளியே விடவில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொண்டு நியாயம் பேசு.)

எனவே மூத்தவனிடம் நான் சொல்வது இது. உன் கோபம் சரி, ஆனால் அதை உன் தங்கச்சி மேல் ஏன் காட்டுகிறாய்? உன்னை இரண்டு வேலை பார்க்க வைத்தது அவளா? ஒரு டிகிரிக்கு அவ்வளவு விலை வைத்தவர்கள் வேறு. பைடன் திட்டத்தில் எனக்குப் பிடிக்காததும் அதுதான். பழைய கடனைக் கழுவுவார்கள், கட்டணம் அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் புதிதாகச் சேருகிற பிள்ளை அதே வரிசையில் நின்று அதே தாளில் கையெழுத்துப் போடும். அட்வான்ஸைத் தள்ளுபடி செய்துவிட்டுச் சம்பளத்தைக் கூட்டாமல் விட்டால் அடுத்த தீபாவளிக்கும் அட்வான்ஸ்தானே? ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய்க்கு எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதை. அப்போது தங்கச்சியும் ஒரு குழுக் கடன் கட்டிக்கொண்டிருந்தாள், வாராவாரம், ஒருநாள் பிந்தாமல். மழையில் ஊறுகிற நமக்கு அந்தப் பட்டியலில் ஏது இடம்? டீவியில் செய்தி போனபோது நான்தான் கத்தினேன். அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே, "அங்க குடிக்கவே தண்ணி இல்லியாம்ணே, பாவம்" என்றாள். அடுத்த வாரமும் போய்க் கட்டினாள். பஸ்ஸில் "என்னா நியாயம்" என்று கேட்டவளும் இவள்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மூத்தவனுக்கு இதைச் சொல், ஆனால் புத்திமதி மாதிரிச் சொல்லாதே, அடிக்க வருவான்.

சின்னவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்தானே படிப்பிக்கிறாள்? 2007இலிருந்து அங்கே ஒரு சட்டம் உண்டு. பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் கூட்டரசுக் கடனின் மிச்சத்தை விட்டுவிடுவார்கள். நீதிமன்றம் அடித்தது இதை இல்லை. அவளுடைய கடன் அந்த வகைதானா, தவணைகள் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல். அதற்கு மூத்தவன் மூச்சுக் காட்டக் கூடாது. பத்து வருஷம் வாத்தியார் சம்பளத்தில் கிடக்கிறவளுக்கு அது தள்ளுபடி இல்லை, சம்பள பாக்கி. இதில் மட்டும் எனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

2022 ஏப்ரலில் நம் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டு, பிறகு பேசிப் பேசிக் குறைத்துக்கொண்டது. அந்த நாட்டு வங்கி தங்கச்சியிடம் உறுதி கேட்கிறது. இதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிணையை யார் போட்டது என்று நீ கேட்க மாட்டாய், ஊகித்திருப்பாய். நான்தான். என் சம்பள அத்தாட்சியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சின்ன மகனின் ஏ.எல். முடியட்டும் என்று பார்க்கிறேன். நீ கோல் எடுத்தால் பெரும்பாலும் என் வீட்டுக்காரிதான் தூக்குவாள். அண்ணன் குரலைக் கேட்டதும் எல்லாம் விசாரிப்பாள். மழையைப் பற்றிப் பேசு. கடன் என்ற பேச்சையே எடுக்காதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி