படலம் கிழியாமல் வந்தது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் கந்தக அமிலம்தான். சட்டையில் இரண்டு ஓட்டை, ஆனால் நீ கேட்டிருந்த படலம் ஒருவழியாக வந்துவிட்டது.

படலத்தின் மூலப்பொருள், குண்டு துளைக்காத சட்டைக்கான கெவ்லார் நூலாகும் அதே அராமிட் பாலிமர்தான் (நைலான் வகையைச் சேர்ந்த, விறைப்பான நீள்சங்கிலி மூலக்கூறு). அதைச் செறிந்த கந்தக அமிலத்தில் கரைத்துக்கொண்டே போனால் கெட்டியாகும் என்றுதானே நினைப்போம்? ஒரு செறிவைத் தாண்டியதும் இளகிவிடுகிறது! கோல் போன்ற மூலக்கூறுகள் இடித்துக்கொள்ளாமல் வரிசை கட்டிவிடுகின்றன. 20 சதவீதக் கரைசலை 80 டிகிரியில் கலக்கும்போது முத்து மாதிரி மினுங்குகிறது. 1965-இல் டூபாண்ட் நிறுவன வேதியியலாளர் ஸ்டெபானி குவோலெக் இப்படிக் கலங்கலாக, நீர்த்த ஒரு கரைசலை நூற்கக் கொடுத்தபோது, துளை அடைத்துக்கொள்ளும் என்று இயந்திரக்காரர் முதலில் மறுத்தாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நூலுக்கு அந்த வரிசைதான் பலம். படலத்துக்கோ அதுவே வம்பு. கண்ணாடித் தட்டில் ஊற்றி பிளேடால் இழுத்தால் மூலக்கூறுகள் எல்லாம் இழுத்த பக்கமே படுத்துவிடும். அமிலம் கழன்று படலம் கெட்டிப்பட, அப்படியே தண்ணீரில் முக்கினேன். நீளவாக்கில் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. குறுக்கே லேசாக விரித்தேன், வாழையிலை நரம்போடு பிளப்பது போலப் பிளந்தது. எட்டுத் தட்டு இப்படியே போயிற்று.

அப்புறம் பழைய காப்புரிமைகளைப் புரட்டினேன். தண்ணீர் படுவதற்கு முன்பே வரிசையைக் கலைக்க வேண்டுமாம். பூசிய தட்டை இளஞ்சூட்டில் ஈரக்காற்றுக்குக் காட்டினேன். அமிலம் ஈரத்தைக் குடிக்கக் குடிக்கக் கலங்கல் தெளிந்தது. குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே இழையிழையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது மெல்ல இருண்டுபோனது, அதாவது வரிசை கலைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குளிர்ந்த நீரில் இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஈரம் மிஞ்சி, வெள்ளையாகத் திரண்டுவிடும். அதிலும் மூன்று தட்டு போனது, சரி.

அமிலம் துளி தங்கினாலும் காயும்போது கருகும் என்பதால் அலசல்தான் பெரிய வேலை. சுருங்காமலிருக்கச் சட்டத்தில் இறுக்கிக் காயவைத்தேன். இளமஞ்சளாக, கண்ணாடி போல் இருக்கிறது.

உன் முட்டிவலி எப்படி? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

ஒரு துண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். பிளேடை எந்தப் பக்கம் இழுத்தேன் என்று கிழித்துக் கண்டுபிடி, பார்க்கலாம்.

அன்புடன்,
மணி