சங்கத்தை விட வேண்டாம், அண்ணா

ஆன்டிகொனிஷ், நோவா ஸ்கோஷியா, கனடா

அன்புள்ள அண்ணனுக்கு,

மரியே வாழ்க. நான் நல்ல சுகம். நீங்கள், மைனி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் சுகம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது.

எஞ்சின் பழுதுக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மீனவர் சங்கத்திலிருந்து விலகப் போகிறீர்கள் என்று மைனி போனில் சொன்னாங்க. அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கரையும் ஒரு காலத்தில் நம்ம கரை மாதிரித்தான் இருந்திருக்கிறது. வலை, கயிறு, சாப்பாட்டு மாவு எல்லாம் வியாபாரியிடம் கடன். மீனுக்கு அவர் வைத்ததே விலை. கான்சோ என்கிற மீனவ ஊரில் ஜிம்மி டாம்ப்கின்ஸ் சாமியார் பங்குத்தந்தையாக இருந்தார். 1927 ஜூலை 1 அன்று கனடா தன் 60-வது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருக்க, கான்சோ மீனவர்கள் ஒன்றுகூடித் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. மறு வருஷம் நான் இருக்கிற இந்த ஆன்டிகொனிஷ் ஊர்ப் பல்கலைக்கழகம், ஊர் ஊராய்ப் போய் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு துறையைத் தொடங்கி மோசஸ் கோடி சாமியாரைப் பொறுப்பாக வைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் புனித பிரான்சிஸ் சவேரியார். கோட்டாறு கோயிலில் நாம் கும்பிடுகிற அதே சவேரியார்தான்!

நான் பார்த்துக்கொள்கிற ஒரு பாட்டி மீனவர் வீட்டுப் பெண். அவருடைய அப்பா காலத்துக் கூட்டங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். அடுப்படி மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், நடுவில் எண்ணெய் விளக்கு. படிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிப்பார். அப்புறம் எல்லாரும் கணக்குப் போடுவார்கள்: சிங்கி இறால் வெளியூரில் என்ன விலைக்குப் போகிறது, நம் கைக்கு எவ்வளவு வருகிறது, நடுவில் போனது எங்கே? பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கிற நம்ம அன்பியக் கூட்டத்திலும் செபம் முடிந்ததும் இப்படி ஒரு நோட்டை விரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படிக் கணக்குப் போட்டவர்கள்தான் பிறகு சொந்தமாகச் சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலை கட்டினார்கள், கடன் சங்கம் தொடங்கினார்கள்.

உழைப்பவர்கள் சேர்ந்து சங்கம் அமைப்பது அவர்களுடைய உரிமை என்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-லேயே சுற்றுமடலில் எழுதிவிட்டார். 1970களில் நம்ம கடற்கரையில் கோட்டாறு மறைமாவட்டம் மீனவர் சங்கங்களுக்குத் துணை நின்றதும் அந்த வழியில்தான். மனித மாண்பு என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, ஏலத்தில் உங்கள் மீனுக்கு நீங்களே நிமிர்ந்து நின்று விலை சொல்வதுதான் எனக்கு அது. முன்பணம் வாங்கினால் அந்த விலை உங்கள் வாயிலிருந்து வராது, அண்ணா.

சங்கத்தில் கணக்கு ஒழுங்காகக் காட்டுவதில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. அதைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். என் சம்பளம் போகிற கடன் சங்கத்தில் பணம் கூடப் போட்டவருக்கும் ஒரு ஓட்டுத்தான், எனக்கும் ஒரு ஓட்டுத்தான். ஆண்டுக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம், பதில் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் தனியாகக் கேட்கத் தயங்கினால் பக்கத்து வள்ளக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். இந்த மாதச் சம்பளத்தில் பாதி அனுப்புகிறேன், மீதிக்குச் சங்கத்தில் கடன் கேளுங்கள். வியாபாரிக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லையென்றால், என் பணம் வரும்வரை கொடுக்காதீர்கள்.

அன்புத் தங்கை