கண்ணுக்கு அம்மா எழுதறது

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியந்தானே? இங்க நாங்க நல்லா இருக்கறோம். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வுட்டாச்சு, அப்பா பொழுதன்னைக்கும் காட்டுலதான். நோம்பிக்கு வந்துட்டுப் போனதுல இருந்து நீ ஒரு போனும் பண்ணலை.

உன் ஒடம்பு எப்படி இருக்குது? அந்த வேக்காட்டுலயும் நீ முழுக்கைச் சட்டையோடயே இருந்ததைப் பாத்தேன். நடுராத்திரி உக்காந்து சொறிஞ்சதையும் பாத்தேன். இந்தத் தோல் தடிச்சு அரிக்கற காணாக்கடிக்கு வெத்தலையும் மொளகும் மெல்லச் சொல்லி அத்தை குடுத்தா, நீயும் மென்னே. அதுல ஒண்ணும் கெடுதல் இல்லை. ஆனா அதோட நிறுத்திக்காதே, தோல் டாக்டரைப் பாரு.

2022 ஆடியில மூணாவது கோவிட் ஊசி போட்டுக் கொஞ்ச நாள்ல உனக்கு இது ஆரம்பிச்சுது. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஊசிக்கு அப்புறம் காணாக்கடி வந்து ஆறு வாரம் தாண்டியும் நிக்காம இருந்தவங்களைப் பத்திப் பல நாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கறாங்க. சிலருக்கு அக்கி வந்துச்சு, சிலருக்கு இருந்த சோரியாசிஸ் எச்சாச்சு. கோவிட் நோயே வந்தவங்களுக்கும் இதெல்லாம் வந்துச்சு கண்ணு. ஒடம்போட எதிர்ப்பு சக்தியை உசுப்பத்தான் ஊசி. உசுப்புனது சிலருக்குச் சட்டுனு அடங்கறதில்லை, தோல்ல இருக்கற மாஸ்ட் செல்லுக ஹிஸ்டமினைக் கொட்டுது, தடிப்பும் அரிப்பும் வருது. ரத்தம் ஒண்ணும் கெட்டுப் போகலை, அடுத்தவங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது. முக்காவாசிப் பேருக்குக் காலப்போக்குல தானா அடங்கிடும்.

டாக்டர் குடுக்கற அரிப்பு மாத்திரையை அரிக்காத நாள்லயும் விடாதே. ஒரு மாத்திரைக்குக் கேக்கலைன்னா டாக்டரே அளவைக் கூட்டுவாங்க, நாலு மடங்கு வரைக்கும் கூட்டலாம். அதுக்கும் அடங்கலைன்னா ஒமாலிசுமாப்னு ஊசி இருக்குது. தைராய்டும் பாத்துக்கோ, அத்தைக்கு இருக்கறது தெரியுமல்ல. ஸ்டீராய்டை மட்டும் நீயா கடையில வாங்கித் தின்னாதே. நாக்கு வீங்குனாலோ மூச்சு முட்டுனாலோ விடியட்டும்னு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிரு.

இன்னொண்ணு. பாப்பாவுக்குத் துணி எடுக்கப் பையைத் தொறந்தப்ப ஊசி அட்டை கையில பட்டுச்சு. கிராம நர்ஸா இருந்தவ, பாக்காம எப்படி மூடுவேன்? பதினாலு வாரத்து ஊசியோட நிக்குது. தட்டம்மை ரூபெல்லா ஊசி போடற ஒம்பது மாசத்துக் கட்டத்துல ஒண்ணுமே இல்லை. பாப்பா இப்ப நடக்கறா. மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரு, அதான் அன்னைக்குக் கேக்கலை. அந்த வெசனத்துல அன்னையில இருந்து தூக்கமில்லை.

2017-ல பள்ளிக்கூடத்துல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்ப, வாட்ஸப்புல என்னென்னமோ வந்து பாதிப் பேரு புள்ளைகளை அனுப்பவே இல்லை. காலேஜ் லீவுல வந்த நீ என்கூட ஊடு ஊடா வந்து அந்தத் தாய்மாருககிட்டப் பொறுமையாப் பேசினே. நர்ஸம்மா பொண்ணு என்ன தெளிவுன்னு ஊரே சொல்லுச்சு. அந்தப் பொண்ணா இன்னைக்கு அட்டையை மறைச்சு வெக்கறது?

உன்னைப் படுத்தறது பாப்பாவையும் படுத்துமோன்னு பயப்படறே, எனக்குப் புரியாமயா? அது வேற ஊசி, இது வேற. தாய்க்குக் காணாக்கடி இருந்தாப் புள்ளைக்குப் போடக்கூடாதுன்னு எந்த விதியும் கிடையாது. போட்டு ஒரு வாரம், பத்து நாள்ல லேசாக் காச்சலும் செவப்புப் புள்ளியும் வரலாம், ரெண்டு மூணு நாள்ல போயிரும். அதைப் பாத்து மறுபடியும் பயந்துக்காதேன்னுதான் இப்பவே சொல்றேன். தட்டம்மை அப்படி இல்லை. ஊசி போடாத பத்துப் பேரு கிட்டப் போனா ஒம்பது பேருக்கு ஒட்டிக்கும், முன்ன வேற நோய்களுக்கு ஒடம்புல இருந்த எதிர்ப்பு சக்தியிலயும் ஒரு பங்கை அழிச்சுட்டுப் போகும். அந்தச் சூட்டுல கெடந்த கொழந்தைகளை நான் பாத்திருக்கறேன் கண்ணு. நீ பாத்ததில்லை.

விட்டுப் போச்சேன்னு தயங்காதே, அஞ்சு வயசு வரைக்கும் போடறாங்க. அதுக்குன்னு அது வரைக்கும் தள்ளாதே. என்னைக்குப் போறேன்னு சொல்லு, மொத நாளே சத்தியமங்கலத்துல பஸ் ஏறி வந்தர்றேன். நான் மடியில வெச்சுக்கறேன், நீ வெளிய நின்னாலும் சரி. அப்படியே உன்னையும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். மாத்திரையை விடாதே.

என்மேல கோவம்னா போன் பண்ணித் திட்டு. அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லலை.

அம்மா