ஏ.ஆர். காப்பியில் எழுதும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பயிற்சி மருத்துவர்களின் தூக்கமில்லாத பணி நேரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியிருந்தது அத்தனையும் உண்மை, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் 22 வருடம் பவர் பிரஸ், அதாவது இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின், ஓட்டியவன் நான். என் விரல்கள் தப்பித்துவிட்டன. ஆனால் கூட வேலை பார்த்தவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி அரசு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அங்கே ரத்தத் துணியைப் பிரித்துப் பார்க்கும் முதல் ஆள் பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜனோ (எம்.பி.பி.எஸ். பயிற்சி வருடத்தில் இருப்பவர்), மேல்படிப்புப் படிக்கும் பி.ஜி. டாக்டரோதான்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் தையல் போடுவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு என்பதும் பாதிக்கு மேல், ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் அவர்கள் எழுதும் குறிப்பில்தான் இருக்கிறது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

2022-இல் என் மனைவியின் தம்பிக்கு விபத்து. அப்போது அவனுக்கு வயது 30. எட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. பெடலில் கால் வைக்காமலேயே பிரஸ் இரண்டாவது தடவை இறங்கிவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு போய்விட்டது. முதலாளியின் அக்கா மகன்தான் ஆட்டோவில் கூட்டிப்போனார். நான் போய்ச் சேர்வதற்குள் காயத்தைச் சுத்தம் செய்து கட்டியிருந்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு, கண் சிவந்துபோய் நின்ற அந்த டாக்டர் தம்பி, "அண்ணா, வலி குறைஞ்சிருக்கா?" என்று நாலு தடவை வந்து கேட்டார்.

அடுத்த வாரம் ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பார்த்தால், வீட்டுக் கதவில் விரல் சிக்கியதாக நோயாளி கூறுகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. மச்சான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, வலியில் முனகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற முதலாளியின் அக்கா மகன் சொன்னதை அந்த டாக்டர் தம்பி எழுதியிருக்கிறார், பணியில் இருந்த பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்கா மகன் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். 10 பேருக்குக் குறைவாக இருக்கும் பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது. அப்படியானால் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளிதான் தன் கையிலிருந்து பணம் தர வேண்டியிருந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னொரு கோளாறு. விரல் நுனி துண்டிப்பு என்று மட்டும் இருந்தது. எலும்பு போனதா, எந்தக் கணு வரை போனது, ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆள்காட்டி விரலுக்கு மட்டுமே நாலு கணக்கு இருந்தது. முழு விரலும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு, இரண்டு கணுவுக்கு 11, ஒரு கணுவுக்கு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5. மச்சான் மாதம் 16,000 சம்பளம் வாங்கினாலும், சட்டத்தின் உச்சவரம்பால் கணக்குக்கு 15,000-தான். அதில் 60 சதவீதம் 9,000. அதைச் சட்டத்தில் 30 வயதுக்கு இருந்த எண் 207.98-ஆல் பெருக்கி, 9 சதவீதம் எடுத்தால் சுமார் 1,68,000 ரூபாய் வரும். 5 சதவீதம் என்றால் சுமார் 93,000. எலும்பு என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டதில் முக்கால் லட்சம் ஆடிப்போகிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே மாதிரி அட்டவணைதான்.

எக்ஸ்ரே பிலிமை என் மனைவி பீரோவுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்ததால், இழப்பீட்டு வழக்கில் எலும்பு போனதைக் காட்ட முடிந்தது. கதவு வரியை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் வாசித்தார். கூட வேலை பார்த்த ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. இரண்டு வருடம் அலைந்துவிட்டு 70,000-க்கு ராஜியானோம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று பார்த்தேன். போன வருடம் பீகார் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அங்கே இருந்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். பட்டறை ஆள் "கதவுல மாட்டிக்கிச்சு மேடம்" என்று ஆரம்பித்ததுமே, "சரி, நீங்க போய் ஓ.பி. சீட்டு போட்டுட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். அப்புறம் பையனிடம் அரைகுறை இந்தியில் கேட்டார். அவன் மெதுவாக "மெஷின் மே" (மெஷினில்) என்றான். காயத்தைக் கழுவும்போது தட்டில் விழுந்த இரும்புப் பிசிரை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "வீட்டுக் கதவுல இது எப்படிங்க வரும்?" என்று என்னிடம் கேட்டார். எந்தக் கையால் வேலை செய்வான், எந்த விரல், எந்தக் கணு, என்ன மெஷின், எத்தனை மணி என்று எல்லாம் எழுதினார். பெரிய டாக்டர் வந்ததும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கப்பா தறி ஓட்டினவர் சார். அவருக்கும் ஒரு விரல் இல்லை" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அப்பாவால் தெரிந்தது. மற்றவர்களுக்கு யார் சொல்வது? ஹவுஸ் சர்ஜன்கள் சட்டம் சார்ந்த சான்றுகளில் தாங்களாகக் கையெழுத்திடக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளே சொல்கின்றன. ஆகவே கையெழுத்துப் போடும் மூத்தவர், போடுவதற்கு முன் நோயாளியிடம் நேராக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் வருடம் தொடங்கும்போது, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைக்கலாம். அந்த அட்டவணையை அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்டி வைக்கலாம், ஒரு பக்கம்தான் வரும். 36 மணி நேரம் விழித்திருக்கும் பிள்ளைகள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் இதழை மருத்துவ மாணவர்களும் படிப்பார்கள் என்று நம்பி அவர்களிடமே கேட்கிறேன். தம்பி, தங்கச்சி, இனி ராத்திரியில் யாராவது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தால், கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அடிபட்டவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பவர் பிரஸ் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.