தள்ளுபடியில் எத்தனை எழுத்து?

மடிப்பாக்கம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாஸ்கர்,

குற்றாலத்தில் சாரல் என்று எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டாய். இங்கே ஆடிக் காற்றிலும் புழுக்கம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவள் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள், நான் தடுத்தும் கேட்கவில்லை.

பதில் போட மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. தள்ளுபடி தொடங்குவதற்குள் அவர்கள் இணையதளத்தைப் புதுசாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். முகப்பில் ‘ஆடித் தள்ளுபடி’ என்ற தலைப்பு ஒவ்வொரு எழுத்தாகத் துள்ளி வர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. எங்கள் டீம் பையன் ஆங்கிலத் தலைப்புக்கு எழுதிவைத்திருந்த புரோகிராம் கோட்-ஐ அப்படியே போட்டுவிட்டான். அது எழுத்துகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி ஸ்பேன் டேகில் வைக்கும். துள்ள வைக்க வேண்டுமே, அதனால் எல்லாம் இன்லைன்-பிளாக், அதாவது தனித்தனிப் பெட்டி. ‘டி’யில் ட ஒரு பெட்டி, கொக்கி இன்னொரு பெட்டி. துணை எழுத்து தனியாக நின்றால் பிரவுசர் அதற்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் வரைந்துவிடும் அல்லவா? முதலாளி பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஆடி வெள்ளிக்குக் கோலம் போட்டிருக்கீங்களா?” என்றார்.

நீயும் நானும் எண்ணினால் அதில் எட்டு எழுத்து. துணை எழுத்தையும் புள்ளியையும் தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டுக்கு, நடுவில் உள்ள இடைவெளியை விட்டாலும், 13. ‘தமிழ்’ என்ற சொல்லே அதற்கு ஐந்து. முழு எழுத்தாகப் பிரித்துத் தர ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் ‘இன்ட்ல்.செக்மென்டர்’ போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. குரோமில் 2020லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸுக்குத்தான் 2024 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கடைப் பெயரில் ஒரு ‘ஸ்ரீ’ இருக்கிறது. அதைச் செக்மென்டர் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாக வெட்டியது. க்ஷவுக்கும் அதே கதிதான். கடைசியில் எழுத்தே வேண்டாம், சொல் சொல்லாக வரட்டும் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். பார்க்கவும் அதுதான் லட்சணமாக இருக்கிறது.

அடுத்தது வேகம். ஆபீஸ் மேக்கில் பக்கம் பறந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கிவந்து, வேளச்சேரி சிக்னலில் பஸ் நின்றபோது திறந்தேன். சிக்னல் விழுந்து பஸ் கிளம்பியும் முகப்பில் உள்ள பேனர் படம் வரவில்லை. பக்கத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸ், மொபைல் சோதனையில் சிபியுவை 4 மடங்கு மந்தமாக்கித்தான் பார்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேக்கை நாலாக வகுத்தாலும் இந்த போனைவிட வேகம்தான். யுஎஸ்பியில் மாட்டி பிரவுசரின் டெவ்டூல்ஸில் பார்த்தால் குற்றவாளி நானே. எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறக்குவது) போடச் சொன்னவன் நான். அது பேனருக்கும் சேர்ந்து விழுந்துவிட்டது. திரையில் தெரியுமா தெரியாதா என்று லேஅவுட் போட்டுப் பார்த்த பிறகுதான் பிரவுசர் அந்தப் படத்தையே கேட்கப் போகிறது. பேனருக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, முதலில் இறக்கும்படி ஃபெட்ச் பிரையாரிட்டியை ‘ஹை’ ஆக்கினேன். திரையின் பெரிய படம் தெரிய ஆகும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 நொடிக்குள் வந்துவிட்டது.

தமிழ் ஃபான்ட் இன்னொரு தொல்லை. முதலில் போனின் சொந்த எழுத்தில் வந்துவிட்டு, நம் ஃபான்ட் இறங்கியதும் மாறும்போது வரிகள் தள்ளிப் போகும். பட்டுப்புடவையைத் தொடப் போன விரல் வேட்டியில் விழும். ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ போட்டு இரண்டின் அளவையும் நெருக்கமாக்கினேன். அரை நாள் ஆனது, அதற்கு யாரும் பாராட்டப் போவதில்லை.

நீ கேட்ட ஐபோன் விஷயம்: திரை உயரம் முழுதும் வேண்டுமென்று 100விஎச் போட்டால் சஃபாரி முகவரிப் பட்டை சுருங்கியிருக்கும் உயரத்தைக் கணக்கில் எடுக்கும். அதனால்தான் பட்டை விரிந்திருக்கும்போது உன் ‘வாங்கு’ பட்டன் கீழே ஒளிந்துகொள்கிறது. சஃபாரி 15.4லிருந்து பட்டைக்கேற்ப மாறும் டிவிஎச், பட்டை விரிந்திருக்கும்போதுள்ள உயரத்தை எடுக்கும் எஸ்விஎச் இரண்டும் உண்டு. எல்லாரும் டிவிஎச் என்பார்கள். ஸ்க்ரோல் பண்ணும்போது அது உயரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், எனக்குப் பிடிக்காது. நீ எஸ்விஎச் போடு. பழைய போன்களுக்காக அதற்கு முந்தைய வரியில் விஎச் இருக்கட்டும்.

ஐஇ6 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6) காலத்தில் எந்தப் பெட்டி கோணினாலும் திருநீறு பூசுவதுபோல ‘ஜூம்: 1’ போடுவாயே, நினைவிருக்கிறதா? பையனிடம் சொன்னேன், நம்பவில்லை. நீயே வந்து சொல்.

மார்கழிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது மறக்காமல் உன் ஐபோனைக் கொண்டு வா. என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு முதலாளியின் மருமகள் போனைக் கடன் வாங்கித்தான் சோதித்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் அவருக்கு போன் வந்தால் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ரவி