பெட்டியில் ஏழு இருந்தால் கதை முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அடுத்து எந்த ஃபேண்டஸி தொடரைப் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பட்டியலில் உள்ள பெயர்களோடு எனக்குச் சண்டை இல்லை, எல்லாம் நல்ல தொடர்கள்தான். ஆனால் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம், இன்னொன்றுக்கு நாலரை என்று கணக்காகப் போட்டவர், அந்தத் தொடர் முடிந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தனி நாவல் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிட்டுப் போய்விடலாம். தொடர் அப்படியா? ஆயிரக்கணக்கான பக்கம், பல மாதத்துத் தூக்கம், அப்புறம் காசு வேறு.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என் அக்கா பையன் கல்லூரியில் சேர்ந்த வருடம் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு கடையில் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' பெட்டியைப் பார்த்தான். ஏழு புத்தகம். இந்தத் தொடர் மொத்தம் ஏழு பாகம் என்று அவனும் எங்கோ கேட்டிருக்கிறான். கடைக்காரரும் "ஃபுல் செட்டு தம்பி" என்று சொல்ல, சேர்த்து வைத்த காசையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டான். ராப்பகலாகப் படித்து முடித்துவிட்டு எனக்கு போன் போட்டு "சித்தி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் ஏழு பாகம் என்று திட்டம் போட்டது உண்மை. வந்தது ஐந்துதான், 1996-இல் முதல் பாகம், 2011-இல் ஐந்தாம் பாகம். மூன்றாவதும் ஐந்தாவதும் ரொம்பத் தடி என்பதால் பிரிட்டிஷ் பேப்பர்பேக் பதிப்பில் அவை ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது அந்தப் பதிப்புதான். ஆக ஐந்து ஏழாகிவிட்டது. பாரதி சாலை பிளாட்பாரக் கடையில் 'ஆஃப்டர் த ஃபீஸ்ட்' என்று ஒரு புத்தகம் தனியாகக் கிடந்தால் ஆசைப்பட்டு எடுத்துவிடாதீர்கள், அது ஐந்தாம் பாகத்தின் பின்பாதி. பிராண்டன் சாண்டர்சனின் 'த வே ஆஃப் கிங்ஸ்' புத்தகத்துக்கும் இதே கதி. பார்ட் டூ என்று அட்டையில் போட்டிருப்பது தொடரின் இரண்டாம் பாகம் இல்லை, முதல் பாகத்தின் மறுபாதி.

முடியாத தொடரைத் தொடவே கூடாது என்று சிலர் சட்டம் பேசுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தொடர்கதைக்குக் காத்திருப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லையே, 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் பத்திரிகைக்காகக் காத்திருந்து 'பொன்னியின் செல்வன்' படித்த தலைமுறை நம் வீட்டிலேயே இருந்தது. முடிந்த பிறகும் அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுக் குடைந்ததால் கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அங்கே அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தது. பேட்ரிக் ராத்ஃபஸ் எழுதிய 'த நேம் ஆஃப் த விண்ட்' தொடரில் கதாநாயகன் ஒரு விடுதியில் உட்கார்ந்து தன் கதையை மூன்று நாளில் சொல்லி முடிக்கிறேன் என்கிறான். நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007, இரண்டாம் நாள் 2011. மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. அந்த நடை அவ்வளவு அழகு என்பதால் படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் தெரிந்து இறங்கட்டும் என்கிறேன்.

அடுத்து எதை எடுப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான், முதல் புத்தகம் தன் கதையைத் தானே முடிக்கிறதா என்று. முடிக்கிறது என்றால் அதை மட்டும் வாங்கலாம், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு புத்தகத்தோடு போகும். அர்சுலா லெ க்வினின் 'எர்த்ஸீ' அப்படிப்பட்டது. 1968-இல் வந்த முதல் புத்தகத்தில் கெட் என்ற பையன் கர்வத்தால் ஒரு நிழலை அவிழ்த்து விட்டுவிட்டு அதற்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான், அந்த ஓட்டம் அதே புத்தகத்தில் முடிகிறது. ஒல்லிப் புத்தகம், குரோம்பேட்டையில் ஏறி பார்க் ஸ்டேஷன் வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் விரித்துப் படிக்கலாம். (தடிப் புத்தகத்தை லேடீஸ் பெட்டியில் காலை எட்டரைக்குப் பிரித்துப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவரின் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே படிக்கத் தோன்றாது.) மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே பதினெட்டு வருட இடைவெளி, யாருக்கும் வலிக்கவில்லை, ஏனென்றால் எதுவும் பாதியில் தொங்கவில்லை.

என் அடுத்த சிபாரிசு சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்'. கெட்டவன் ஜெயித்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது, ஒரு திருட்டுக் கும்பல் அவனைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறது. உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் எரித்தால் சக்தி வரும்: வெள்ளீயம் எரித்தால் கண்ணும் காதும் கூர்மையாகும், எஃகு எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தைத் தள்ளலாம், இரும்பு எரித்தால் இழுக்கலாம். ஒரு காசைக் கீழே போட்டு அதைத் தள்ளி எகிறிப் பறக்கிற காட்சிக்கே கொடுத்த விலை சரியாகிவிடும். முதல் மூன்று பாகங்களும் 2006-லிருந்து 2008-க்குள் வந்துவிட்டன, முதல் பாகம் தானாகவும் நிற்கும்.

'வீல் ஆஃப் டைம்' முடிந்த தொடர்தான், ஆனால் பதினான்கு பாகம். எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்துவிட, அவருடைய குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்றை சாண்டர்சன் எழுதி 2013-இல் முடித்தார். நடுப்பாகங்களில் கதை மெகா சீரியல் மாதிரி நகரும், பொறுமை இருந்தால் மட்டும். டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' 41 நாவல் என்று மிரள வேண்டாம். வரிசையாகப் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முதலாவதை விட்டுவிட்டு நேராக 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்கள். டோல்கீனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அவர் ஒரே கதையாக எழுதிய 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புத்தகத்தைத்தான் 1954, 1955-இல் மூன்றாக வெளியிட்டார்கள். முதலாவதை மட்டும் வாங்கினால் நட்டாற்றில்தான் நிற்பீர்கள்.

தமிழில் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: மகாபாரதத்தைத் திரும்பச் சொல்லும் ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல், 2014-இல் தொடங்கி 2020-இல் முடித்தே விட்டார். அது ஃபேண்டஸியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது நட்சத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மொத்தம் எத்தனை பாகம், வந்தது எத்தனை, கடைசியாக வந்தது எந்த வருடம், முதலாவது தனியாக நிற்குமா என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு அச்சடியுங்கள். கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஜனவரியில் நந்தனம் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை - 44

பி.கு.: 'நார்னியா' செட்டில் ஒன்று என்று எண் போட்டிருப்பது 1955-இல் ஆறாவதாக வந்த புத்தகம். குழந்தைக்கு வாங்குகிறவர்கள் உண்மையில் முதலாவதாக வந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' என்பதை முதலில் எடுத்துக் கொடுங்கள்.